விசாரிக்காமல் எதையும் ஏற்றாத அக்கா

எனக்குக் கல்யாணமே ஆகாமல் போயிருக்க வேண்டியது. ஒரு புது மடிக்கணினியும் அதைத் தூக்கிக்கொண்டு வந்த ஓர் அக்காவும் சேர்ந்து அந்தக் காரியத்தை ஏறக்குறைய முடித்தே விட்டார்கள். அதே அக்காதான் பிறகு கல்யாணத்தை நடத்தியும் வைத்தார். அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் கோபம்தான் வரும். மற்றதெல்லாம் கொஞ்ச நேரம் கழித்துத்தான்.

அப்போது மலேசியாவின் கெடா மாநிலத்தில், கரங்கானில் எனக்குக் கணினிக் கடை இருந்தது. ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் பாயின் ரொட்டி சானாய் கடை, நடுவில் ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நின்றாக வேண்டிய அளவில் நான். சுற்றுவட்டத் தோட்டங்களில் யார் வீட்டுக் கணினி படுத்தாலும் என்னிடம்தான் வரும். வயது முப்பத்து மூன்று. ஆறு இடத்தில் பெண் பார்த்து ஆறும் தட்டிப் போயிருந்தது. எங்கம்மா மனம் பொறுக்காமல் என் ஜாதகத்தைக் கொண்டுபோய் இந்த அக்காவிடம் கொடுத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டார். அக்கா என் கடைக்கு வந்தது மடிக்கணினிக்காக மட்டுமல்ல, என்னைப் பார்க்கவும்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தரகர் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "நான் விசாரிக்கிறவ தம்பி. சேத்து வெக்கிறது சாமி வேலை" என்பார். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். மூக்குக்கண்ணாடி எப்போதும் கயிற்றில் தொங்கும், கண்ணில் இருக்காது. கூலிமிலிருந்து மெர்போக் வரை எந்த வீட்டில் மாப்பிள்ளை பார்த்தாலும் அவருடைய பழைய வெள்ளைக் கார், எங்கள் ஊர்ப் பேச்சில் காடி, அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். பையன் வேலை செய்யும் இடத்தில் கேட்பார், படித்த பள்ளியில் கேட்பார், முடி வெட்டுகிற கடையிலும் போய்க் கேட்பார். முடி வெட்டுகிறவரிடம் எவனும் வாயை மூடிக்கொண்டு உட்கார மாட்டான் என்பது அவர் கணக்கு. பையனின் மோட்டார் சைக்கிளைச் சுற்றிவந்து டயரைத் தடவிப் பார்ப்பார். "டயரு தேஞ்சும் மாத்தாம ஓட்டுறவன் பொண்டாட்டியயும் அப்படித்தான் ஓட்டுவான்" என்று சொல்லி ஒரு நல்ல உத்தியோக மாப்பிள்ளையைத் தட்டிவிட்டதாக ஊரில் பேச்சு.

இந்தக் குணம் கல்யாணத்தோடு நின்றிருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்? பாசாரில் மீனைப் பார்க்க மாட்டார், மீன் விற்கிறவரின் முகத்தைப் பார்ப்பார். அவர் வேறு பக்கம் பார்த்தால் மீன் பழசு. பாய் கடையில் பசியாற உட்கார்ந்தால் ரொட்டி வருவதற்கு முன் உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னிக்கு மாவு பெசஞ்சது யாரு?" என்று கேட்பார். பாய் எழுந்து நின்று பதில் சொல்வார். ஒருமுறை, "என் மச்சான்தான் அக்கா, நல்ல பையன், தொழுகை தவற மாட்டான்" என்று நற்சான்றிதழே கொடுத்தார்.

அன்று காலை அவர் கடைக்குள் வந்தபோது மடிக்கணினிப் பெட்டியைப் பூப்போட்ட துவாலையில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தார். உட்கார்ந்தார். பெட்டியைக் கொடுக்கவில்லை.

"பசியாறியாச்சா தம்பி?"

"ஆச்சுக்கா."

"எங்க?"

"பக்கத்துக் கடையில."

"ஏன், வீட்டுல சமைக்க மாட்டாங்களா?"

"கம்ப்யூட்டர்ல என்ன பிரச்சினக்கா?"

"அதுல ஒண்ணும் இல்ல. புதுசு. அதுக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதுன்னுதான் ஒன்னப் பாக்குறேன்."

இருபது வருடங்களாகத் தடித்தடியான நோட்டுகளில் எழுதிவைத்த ஜாதகங்களை அவர் கணினியில் ஏற்ற வேண்டும். ஜாதகம் மட்டும் என்றால் பரவாயில்லை. யாருக்கு முதல் கல்யாணம் முறிந்தது, யார் வீட்டில் குடிக்கிறார்கள், எந்தப் பெண்ணுக்கு என்ன ஆபரேஷன் என்று எல்லாம் அதில் இருந்தது. அந்த நோட்டு வெளியே போனால் பாதிக் கெடாவில் சண்டை வரும். ஆகவே பொருத்தம் பார்க்கும் மென்பொருள் ஒன்று வேண்டும், அதுவும் யோக்கியமானதாக வேண்டும்.

எனக்கு இது ஒரு வேலையா? என் கழுத்தில் ஒரு பென் டிரைவ் தொங்கும். கடிதம் எழுத, பாட்டுக் கேட்க, படம் வெட்ட, ஜாதகம் கணிக்க, எல்லாம் அதில் இருந்தது. எதற்கும் நான் விலை கொடுத்ததில்லை. எல்லாம் எவனோ பூட்டை உடைத்து எடுத்த சாமான். யார் புதுக் கணினி கொண்டுவந்தாலும் அதைச் செருகி, 'அடுத்து', 'அடுத்து', 'சரி' என்று பாராமலே தட்டுவேன். முக்கால் மணி நேரத்தில் ஆள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பென் டிரைவைச் செருகப் போன கையை அக்கா பிடித்துக்கொண்டார்.

"இது யாரு கொடுத்தா?"

"சுங்கை பட்டாணியில ஒரு கூட்டாளி."

"அவனுக்கு?"

"அவன் கூட்டாளி யாராச்சும் கொடுத்திருப்பான்."

"அந்தக் கூட்டாளிக்கு?"

"இண்டர்நெட்லேருந்து எடுத்திருப்பான்க்கா."

"இண்டர்நெட்ல யாரு வீட்டுலேருந்து?"

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வீடு வாசல் தெரியாத சாமான். இதத்தான் எங்க வீட்டுக்குள்ள விடப் போறியா?"

"எல்லாரும் இதத்தான் போடுறாங்கக்கா."

"எல்லாரும் போடுறாங்க, சரி. போட்டவங்க எத்தன பேரு இப்ப அழுவுறாங்கன்னு போய் விசாரிச்சியா?"

அன்றைக்கு ஆரம்பித்தது என் தலைவலி. முதலில் கணினி தனக்கான புதுப்பிப்புகளை இறக்க வேண்டும் என்று சொல்லிவைத்தேன், சலித்துப் போய் எழுந்து போவார் என்ற நம்பிக்கையில். அவர் போகவில்லை. "பொறந்த வீட்டுச் சீரு இன்னும் வந்துக்கிட்டு இருக்கு. அது மொத்தமும் வந்து சேரட்டும், அப்புறம் மத்தவங்க வரலாம்" என்று காலை நீட்டிக்கொண்டார். மத்தியானம் வரை சீர் வந்தது.

பிறகு கணக்கு ஆரம்பிக்க வேண்டும். கணினியில் எதையும் மாற்ற அதிகாரம் உள்ள ஒரு பெயர், அன்றாடம் வேலை செய்ய அதிகாரம் குறைந்த இன்னொரு பெயர், இரண்டு வைத்துக்கொண்டால் பாதுகாப்பு என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. என் கடையில் அதை யாருக்கும் செய்ததில்லை. சொல்லி முடிப்பதற்குள் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "மாமியா, மருமக" என்றார். அப்படியே பெயர் வைத்தோம். மாமியார் கடவுச்சொல்லைப் போடும்போது என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். என் சொந்தக் கடையில், டயர் கடைக் காலண்டருக்கு எதிரே, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவன் மாதிரி நின்றேன். பாய் வந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

கடிதம் எழுதும் மென்பொருளை அதைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போய்த்தான் இறக்க வேண்டும் என்றார். நடுவில் எவனாவது 'இங்கே இறக்கு' என்று பச்சைப் பொத்தானைக் காட்டினால், "அவன் யாரு நடுவுல? நாம பொண்ணு வீட்டுக்கே நேராப் போவோம்" என்று தள்ளிவிடுவார். உண்மையைச் சொன்னால் அந்தப் பச்சைப் பொத்தான்களில் பாதி ஏமாற்றுதான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் கவலைப்பட்டதில்லை.

அப்புறம் ஒப்பந்தம். 'நான் ஏற்கிறேன்' என்ற பொத்தானுக்கு மேலே ஒரு சின்னப் பெட்டிக்குள் ஆயிரம் வரி இருக்குமே, அது. உலகத்தில் அதைப் படித்த ஒரே ஆள் இந்த அக்காவாகத்தான் இருக்க வேண்டும். படித்தார் என்றால், என்னை வாசிக்க வைத்துத் தமிழில் சொல்லச் சொன்னார். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள், ரொட்டி சாப்பிட வந்தவர்கள் எல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள். "நிபந்தனைகளை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றும்" என்ற இடம் வந்ததும் அக்கா கையை உயர்த்தினார்.

"நிறுத்து. கல்யாணம் முடிஞ்சப்புறம் பேச்ச மாத்துவேன்னு இப்பவே எழுதிக் கேக்குறானா?"

"எல்லாக் கம்பெனியும் அப்படித்தான்க்கா."

"மாத்துனா நமக்குச் சொல்லுவானா?"

"மெயில் வரும்க்கா."

"சொல்லிட்டு மாத்துறவன்னா பரவால்ல. மேல படி."

வாசலில் நின்ற ஒருவர், "பொருத்தம் நல்லா இருக்கா அக்கா?" என்று கேட்டார். அக்கா சிரிக்கவே இல்லை. "பத்துல ஆறு இருக்கு" என்றார்.

கோப்புகளைத் திறந்து படிக்க ஓர் இலவச மென்பொருள் போட்டபோது, கூடவே இரண்டு சாமான் தானாக வந்து உட்காரும்படி ஏற்கெனவே கட்டத்தில் சரிக் குறி போட்டிருந்தது. என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. எத்தனையோ வருடப் பழக்கம். அவர்தான் விரலை வைத்தார். "மாப்பிள்ளையக் கேட்டா, அவன் சின்னம்மா மகனும் மச்சானும் சேந்து வந்து நம்ம வீட்டுலயே தங்குவாங்களாம். எடு குறிய." எடுத்தேன். வைரஸ் தடுப்புக்கு இன்னொன்று போடவா என்று கேட்டேன். கணினியோடு ஒன்று வந்திருக்கிறதா என்று கேட்டார். வந்திருக்கிறது என்றேன். "காவலுக்கு ஒரு வாசல்ல ஒரு ஜாகா போதும். ரெண்டு பேரு இருந்தா ஒருத்தன ஒருத்தன் திருடன்னு பிடிச்சுக்குவான்." இதுவும் சரிதான், என்ன செய்வது. கடையை மூடும் நேரத்தில் இரண்டே இரண்டு மென்பொருள் ஏறியிருந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு மடிக்கணினியைத் தூக்கி டயர் கடைப் பக்கம் வீசியிருப்பேன்.

ஜாதக மென்பொருள் அதற்கப்புறம் வந்த கூத்து. விற்கிறவர்கள் சொல்வதை நம்ப முடியாது, வைத்திருப்பவர்களைக் கேட்க வேண்டும் என்று அக்கா எங்கெங்கோ விசாரித்து, அலோர் ஸ்டாரில் ஒரு குடும்பம் அதை ஐந்து வருடமாக வைத்திருப்பதாகக் கண்டுபிடித்தார். தொலைபேசியில் அழைத்து, "ஞாயித்துக்கிழமை வர்றோம், விஷயத்த நேர்ல பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். எந்த நல்ல காரியத்தையும் அவர் தொலைபேசியில் பேச மாட்டார். "சட்டைய மாத்திட்டு வா. பாக்கப் போறப்ப மரியாதையாப் போணும்" என்று எனக்கு உத்தரவு. காடியின் பின் இருக்கையில் ஒரு தட்டு, அதில் ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை பாக்கு. மென்பொருள் பார்க்கப் பழத்தட்டோடு போன இரண்டு பேர் நாங்களாகத்தான் இருப்போம்.

அந்த வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஜாதகம் கணித்துக் கொடுக்கும் ஐயா ஒருவர் பட்டு வேட்டியில் ஓடிவந்து கும்பிட்டார். உள்ளே சொந்தக்காரர்கள் பத்துப் பேர். பலகார வாசனை. நாங்கள் உட்கார்ந்ததும் சேலை கட்டிய ஒரு பெண் தேநீர்த் தட்டோடு வந்தாள். ஊரறிந்த அக்கா, கல்யாண வயதில் பெண் இருக்கிற வீட்டுக்கு, சலவைச் சட்டை போட்ட ஒருவனைக் கூட்டிக்கொண்டு பழத்தட்டோடு வந்தால் அவர்கள் என்னதான் நினைப்பார்கள்?

அக்கா ஒருவருக்குத்தான் ஒன்றும் தோன்றவில்லை. தேநீரை வாங்கி வைத்துவிட்டு, "ஐயா, நாங்க உங்க ஜாதக சாஃப்ட்வேரப் பாக்க வந்தோம்" என்றார்.

ஐயா என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

"என்னம்மா சொல்றீங்க? என் தங்கச்சிங்க ரெண்டு பேரும் பினாங்குலேருந்து வந்துட்டாங்களே!"

"நான் போன்ல விஷயம் பேசுறதில்லங்க ஐயா. தப்பா நெனச்சுக்காதீங்க."

முதலில் சிரித்தது அந்தப் பெண்தான். சின்னச் சிரிப்பில்லை, தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்கக்கா, காட்டுறேன். அப்பா ஜாதகம் கணிக்கிறதெல்லாம் நான்தான் டைப் பண்ணிக் கொடுப்பேன்" என்று மூலையில் இருந்த கணினியைத் திறந்தாள்.

"எத்தன வருஷமா வெச்சிருக்கீங்கம்மா?"

"அஞ்சுக்கா."

"திடீர்னு நின்னுருமா?"

"ஒரு தடவ நின்னுச்சு. அது கரண்ட் போனதால."

"வேற என்ன குறை? மறைக்காம சொல்லு."

"அச்சடிக்கும்போது ராசிக் கட்டம் கொஞ்சம் கோணலா வரும். மத்தபடி சொன்னதச் செய்யும். கம்பெனிகிட்டயே வாங்குனது, பெட்டி, பில்லு, நம்பர் எல்லாம் பத்திரமா இருக்கு."

குறையைத் தானாகச் சொன்னதில் அக்கா முகம் மலர்ந்துவிட்டது. அந்தப் பெண் பெட்டியை எடுத்துவந்து காட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "அண்ணே, உங்க கடையிலயும் ஒரிஜினல்தானே போடுவீங்க?" என்று கேட்டாள்.

அண்ணே என்றது ஒரு பக்கம் வலித்தது. மறுபக்கம், என் தலை தானாக ஆடியது. ஆமாம் என்று. சட்டைக்குள் அந்தப் பென் டிரைவ் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. அக்கா என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் கவனித்துவிட்டார்.

திரும்பி வரும்போது பாதி வழி, குருண் வரை பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"அக்கா, எப்படி?"

"நல்ல இடம். வாங்கிரலாம்."

"நான் அந்தப் பொண்ணக் கேட்டேன்க்கா."

"பொண்ணும் நல்ல இடந்தான். நீ எப்படின்னுதான் எனக்கு இன்னும் தெரியல. உங்கம்மா ஜாதகம் கொடுத்து மூணு மாசம் ஆச்சு."

அம்மா ஜாதகம் கொடுத்த சங்கதியே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளைத்தான் கட்ட வேண்டும் என்று அந்த நிமிஷமே மனத்தில் விழுந்துவிட்டது. அதை முடிவு செய்கிற ஆளோ என் பக்கத்தில் உட்கார்ந்து காடி ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் விசாரித்தார். அக்கா வந்து கேட்டுவிட்டுப் போனதாக முடிவெட்டுக்காரர் எனக்குச் செய்தி அனுப்பினார், பாய் கண்ணைக் காட்டினார், டயர் கடை முதலாளியான சீனத் தவுக்கே, "உன் டயர் நல்லதுன்னு சொல்லிட்டேன்லா" என்று தோளில் தட்டினார். பிறகு ஒருநாள் அக்கா நோட்டோடு கடைக்கு வந்து உட்கார்ந்தார். "நாளைக்கு அலோர் ஸ்டாருக்குச் சொல்லப் போறேன். அங்க சொல்றத இங்க முதல்ல சொல்றது என் பழக்கம்" என்று படித்தார்.

"குடி இல்ல. சிகரெட் இல்ல. அம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தானே கூட்டிட்டுப் போறான். பல்லு ஒண்ணு சொத்த. கோவம் உண்டு, கை நீட்டுனதில்ல. திருட்டு சாமான் நாப்பத்தோரு கம்ப்யூட்டர்ல போட்டிருக்கான். மெர்போக் பக்கம் கோயில் கூட்டத்துல தலைவரு பெரிய திரையில கணக்குக் காட்டுறப்ப, இவன் போட்டுக் கொடுத்ததுலேருந்து, 'உங்கள் அருகில் தனிமையில் வாடும் பெண்கள்'னு விளம்பரம் வந்து நின்னிருக்கு. தலைவரு மூணு வாரம் கோயிலுக்கே வரல. பொண்ணு நேர்ல கேட்டப்ப பொய்யாத் தலையாட்டுனான்."

"அக்கா, அந்தக் கடைசி மூணையும் விட்டுருங்கக்கா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"எத விடணும்னு மாப்பிள்ள சொல்லி நான் விட்டதே இல்ல."

கெஞ்சினேன். அம்மா போய் அழுதார். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அவர் மேல் வந்த வெறுப்பை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஒரு விளம்பரம் வந்ததற்கா ஒருவனுடைய வாழ்க்கையைக் கெடுப்பது என்று பாய் கடையில் உட்கார்ந்து கத்தினேன். மறுநாள் சாயங்காலம் அக்கா வந்து பதில் சொன்னார். அப்பாவுக்கு விருப்பமில்லையாம். பெண் மட்டும், "நாப்பத்தோரு கம்ப்யூட்டர்லயும் எடுத்துட்டு வரட்டும். அப்புறம் பேசுவோம்" என்றாளாம்.

ஐந்து மாதம் ஆனது. மென்பொருள் போட்டுக் கொடுத்தால் ஆள் நன்றி சொல்வார். எடுக்கப் போனால் அடிக்க வருவார் என்பது அப்போதுதான் தெரிந்தது. தோட்ட அலுவலகக் குமாஸ்தாவான கிராணி மேசையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "நல்லா ஓடிக்கிட்டு இருக்குறத ஏன்லா நோண்டுற?" முடிவெட்டுக் கடையில் ஒருவருக்கு முகத்தில் பாதிச் சவரம் ஆகியிருந்தபோது நான் பாட்டு மென்பொருளைக் கழற்ற, பாட்டு நின்றது, கத்தியும் நின்றது. சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர் பாதித் தாடியோடு எழுந்து என்னைத் திட்டினார். எல்லா இடத்திலும் திருட்டு சாமானை எடுத்து, விலை கொடுக்க முடிந்தவர்களுக்கு வாங்கிக் கொடுத்து, முடியாதவர்களுக்கு யோக்கியமான இலவசத்தை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிப் போட்டேன். அக்கா ஒவ்வொரு இடத்துக்கும் காடியில் வந்து, கண்ணாடியைப் போட்டு, திரையைப் பார்த்து, நோட்டில் ஒரு கோடு கிழிப்பார். "எடுத்தேன்னு சொன்னா போதாது. எடுத்தத நான் பாக்கணும்." கோயில் தலைவர் மட்டும் நான் கணினியைத் தொட்டபோது வெளியே போய்ப் பிள்ளையாரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

நாற்பத்தொன்றும் முடிந்த மறுநாள், வாங்கிவைத்திருந்த ஜாதக மென்பொருளை அக்காவின் மடிக்கணினியில் ஏற்ற உட்கார்ந்தோம். ஏற்றுவதற்கு முன் கணினியின் அப்போதைய நிலையை அப்படியே குறித்துவைக்கும் வசதி ஒன்று உண்டு. அதைச் செய்தேன். அந்த ஐந்து மாதத்தில் வந்த பழக்கம்.

"இது என்ன தம்பி?"

"புதுசா ஏத்துறது ஒத்துவரலன்னா, ஏத்துறதுக்கு முன்ன எப்படி இருந்துச்சோ அங்கயே திரும்பிப் போவலாம்க்கா. அதுக்கு எடம் வெக்கிறேன்."

அக்கா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேள்வி கேட்காமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நான் கல்யாணமாகி நாலாவது மாசமே அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தேன் தம்பி" என்றார். "அடி தாங்க முடியல. தோட்டத்து லயத்து வீடு, ரெண்டே அறை. நான் படுத்த அறையில எங்கண்ணன் கோழித் தீவனம் அடுக்கி வெச்சிருந்தாரு. பத்து மூட்டை. யாரும் என்னப் போன்னு சொல்லல. அம்மா தேத்தண்ணி போட்டாங்க. உக்கார எடந்தான் இல்ல. அந்த மூட்டை மேலயே உக்காந்து குடிச்சிட்டு பஸ் ஏறிப் போயிட்டேன். அப்புறம் அந்த ஆளு செத்துப் போற வரைக்கும் பதினோரு வருஷம் அங்கதான்."

நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையைப் பார்த்தேன். பாய் கடையில் நான் கத்தியதெல்லாம் காதில் கேட்டது. "ம், ஏத்து" என்றார் அக்கா.

நாற்பத்தொன்றும் எடுத்த செய்தி போனதும் ஐயாவும் இறங்கி வந்தார். அலோர் ஸ்டாருக்குக் கல்யாணத்தை உறுதி செய்யப் போனோம். இந்த முறை வாடகை நாற்காலிகள் சரியான காரணத்துக்காக வந்திருந்தன. தட்டு மாற்றப் போகிற நேரம், ஐயா அக்காவிடம், "எல்லாம் விசாரிச்சுட்டீங்க, இனிமே பயமில்லயே?" என்று கேட்டார். ஒரு மரியாதைக்குக் கேட்டதுதான். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் விசாரிச்சது இதுவரைக்கும் நடந்தத. இனிமே நடக்கப் போறத யாரும் விசாரிக்க முடியாதுங்க ஐயா. அதால ஒண்ணு செய்யணும். பொண்ணோட அறை, கட்டில், அலமாரி, எதையும் ஒரு வருஷத்துக்குத் தொடாதீங்க. வாடகைக்கு விடாதீங்க, சாமான் அடுக்காதீங்க. அப்படியே இருக்கட்டும்."

எங்கம்மா எழுந்துவிட்டார்.

"என்ன பேச்சு இது? தட்டு மாத்துற நேரத்துல பொண்ணு திரும்பி வர்றதப் பத்திப் பேசுவாங்களா? எம்மகன் என்ன அப்படிப்பட்டவனா? எழுந்திரிடா, போவோம்."

பெண்ணின் அத்தைகள் முணுமுணுத்தார்கள். ஐயா கையில் தட்டோடு விழித்தார். ஐந்து மாதம் நாயாக அலைந்து சேர்த்தது ஒரே வாக்கியத்தில் போகப் போகிறது. எனக்குள்ளும் அந்தப் பழைய கோபம் எழுந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அக்கா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். யாருக்கும் காரணம் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பத்து மூட்டை ஞாபகம் வந்தது.

"உக்காருங்கம்மா" என்றேன். "அக்கா சொல்றது சரி. ஒரு வருஷம் போதாதுன்னா அதுக்கு மேலயும் இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் மரியாதை கொறையாது."

அம்மா என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஆனால் உட்கார்ந்தார். தட்டு மாறியது. அறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தவள் எட்டிப் பார்த்தாள். அதுவரைக்கும் அவள் முழுதாகச் சம்மதித்திருக்கவில்லையாம். பிறகு அவளே சொன்னாள்.

கல்யாணம் நடந்தது. மாமனார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த அறை திறந்தே இருக்கும். விரித்த மெத்தை, மடித்த போர்வை, மேசையில் அவள் பேனா. அதைப் பார்த்துவிட்டு வந்த வாரங்களில் நான் குரலை உயர்த்தியதே இல்லை. ஒரு வருடம் முடிந்ததும் மாமனாருக்கு ஜாதகம் பார்க்க அந்த அறை தேவைப்பட்டது. பாவம், வருகிறவர்களை வாசலிலேயே உட்கார வைத்துக்கொண்டிருந்தார். கட்டிலை எடுத்துவிடலாமா என்று அக்காவுக்குத் தொலைபேசியில் கேட்டார். அவருடைய வழக்கத்தை மீறி அக்கா தொலைபேசியிலேயே பதில் சொன்னார். "என்னக் கேக்காதீங்க ஐயா, பொண்ணக் கேளுங்க."

மாமனார் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து அவளைக் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நன்றாகத்தான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தோம், பிள்ளைக்கு மூன்று மாதம்.

"இருக்கட்டும்ப்பா" என்றாள்.

அக்கா காலமாகி நான்கு வருடம் ஆகிறது. என் மாமனார் இன்னும் வாசலில் உட்கார்ந்துதான் ஜாதகம் பார்க்கிறார்.